பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை

மே 3, வெள்ளி

நான் பில் போடுகிற மருந்துக்கடையில் புது வருடத்துக்குக் கொடுத்த டைரி, நான்கு மாதமாகச் சும்மா கிடக்கிறது. மூட்டை கட்டும்போது வெற்று டைரியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. எழுதித் தீர்த்துவிட்டால் நிம்மதியாகப் பழைய பேப்பர்காரரிடம் போடலாம். அதனால் எழுதுகிறேன், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

கட்டடம் பழசாகிவிட்டது, இடிக்கப் போகிறார்கள். முப்பத்தொன்றாம் தேதிக்குள் காலி செய்ய வேண்டும். பதினாறு வீட்டில் பன்னிரண்டு காலியாகிவிட்டன. மிச்சம் நான்கு வீடு. கீழே ஒன்றாம் நம்பரில் நூருன்னிசாம்மா. இரண்டாம் மாடியில் பிரமிளா, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற சின்னப் பெண். முதல் மாடி மூன்றாம் நம்பரில் நானும் இவரும். எங்களுக்கு எதிர்வாசல் ஸ்டெல்லா.

ஸ்டெல்லாவோடு எனக்குப் பேச்சு இல்லை. சண்டையும் இல்லை. பேசுவதில்லை, அவ்வளவுதான்.

இன்று இரண்டு வாளி துணி. பின்பக்கத்து மாடிப்படி வழியாக மொட்டைமாடிக்கு ஏறிக் காயப்போட்டேன். "நம்ம பக்கமே படி இருக்கும்போது எதுக்கு இவ்ளோ தூரம் சுத்திக்கிட்டுப் போற?" என்று இவர் இருபது வருடமாகக் கேட்கிறார். முட்டிவலி, அந்தப் பக்கம் படி உயரம் குறைவு என்று நானும் இருபது வருடமாகச் சொல்கிறேன். இரண்டும் ஒரே மேஸ்திரி கட்டிய படிதான்.

மே 6, திங்கள்

காலி வீடுகளுக்குப் பூட்டு கிடையாது. போனவர்கள் ஃபேனையும் குழாயையும் கழற்றிக்கொண்டு கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மதியக் காற்றில் ஏதாவது ஒரு கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது.

எங்கள் தலைக்கு மேலே ஐந்தாம் நம்பர். அது காலியாகி இருபது நாள் ஆகிறது. இன்று இரண்டரை மணிக்கு அங்கே யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது. வெறுங்கால், சின்னக் கால். எலி என்றார் இவர். எலி சுவரோரம் வரைக்கும் ஓடிப்போய் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, திரும்ப ஓடுமா? கேட்டால் சிரிப்பார். கேட்கவில்லை.

சாப்பிடும்போது சொன்னார். "எதிர்வீட்டம்மா இருபத்தொன்பதாந்தேதி ஓசூருக்குப் போறாங்களாம். மகன் லாரி அனுப்புறானாம்."

"போகட்டும்" என்றேன்.

ரசம் உப்புக் கரித்தது. உப்பு இரண்டு தடவை போட்டிருக்கிறேன். இருபத்தொன்பதுக்குப் பிறகு அவளை நான் எங்கே பார்க்கப் போகிறேன்? அவளிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், முப்பத்து நாலு வருடமாகச் சொல்ல வேண்டும். எதிர்வாசலில் இருக்கிறாள், நாளைக்குச் சொல்லலாம் என்றே காலம் ஓடிவிட்டது. இப்போது எண்ணினால் இருபத்து மூன்று நாள் இருக்கிறது.

மே 8, புதன்

ஒரு மணிக்குக் கடையிலிருந்து வந்து, சாப்பிட்டுப் படுத்தால் மூன்று மணிக்குக் கரண்ட் போய்விட்டது. மீட்டர்களைக் கழற்றுகிறார்களாம், இனி தினமும் மூன்றிலிருந்து ஐந்து வரை இருக்காது. புழுக்கம் தாங்காமல் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தேன்.

பிரமிளா சல்லடையைத் திருப்பிக் கொடுக்க நூரம்மாவைத் தேடிக்கொண்டு வந்தாள். நூரம்மா ஐந்தாம் நம்பர் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறார், ஐம்பத்தெட்டு வயதில். அவள் தாண்டும்போது "பே!" என்று கத்த, சல்லடை உருண்டு என் காலடி வரைக்கும் வந்துவிட்டது. பிரமிளா போட்ட கூச்சலும் அந்தம்மா சிரித்த சிரிப்பும் கட்டடம் முழுக்க எதிரொலித்தன.

"அறிவு இருக்கா உங்களுக்கு? ஒளிஞ்சு விளையாடுற வயசா? விழுந்து கிழுந்து வச்சா யாரு பதில் சொல்றது?" என்று நான்தான் கத்தினேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நூரம்மா மெதுவாகச் சொன்னார். "ஏம்மா, பொற்கொடி, ஒரு வெளையாட்டுக்குத்தானேம்மா."

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சாத்திய பிறகும் அவர்கள் சிரிப்பது கேட்டது. கோபம் போகவில்லை. ஆனால் அந்தக் கதவு மூலை ஒளிவதற்கு லாயக்கில்லாத இடம், கால் தெரியும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது.

மே 9, வியாழன்

இன்று நானும் ஒளிந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மே 11, சனி

வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது, இந்த டைரியை யார் படிக்கப் போகிறார்கள்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனதும் முற்றத்து மோட்டார் ரூம் சுவரில் ஒருத்தி முகத்தைப் பொத்திக்கொண்டு ஐம்பது எண்ண வேண்டும். மற்றவர்கள் காலி வீடுகளில் ஒளிய வேண்டும். பிரமிளாவின் ஊரான மதுரையில் இதற்கு வேறு பேர் சொல்வார்களாம், எங்களுக்கு ஐஸ்பாய்தான். தேடுகிறவள் ஆளைப் பார்த்ததும் பேரைச் சொல்லி ஐஸ்பாய் என்று கத்த வேண்டும். பேரைச் சொன்னால்தான் பிடித்ததாகக் கணக்கு. தப்பான பேரைச் சொல்லிவிட்டால் பானை உடைந்தது என்று அர்த்தம், முதலிலிருந்து எண்ண வேண்டும். வயது கூடினாலும் சட்டம் அதேதான்.

ஐந்தாம் நம்பர் சமையல் மேடையில் காலை வைத்து ஏறிப் பரணில் படுத்துக்கொண்டேன். நாற்பத்தாறு வயசு, எழுபத்திரண்டு கிலோ. மேலே யாரோ விட்டுப்போன ஒரு பல்லாங்குழிப் பலகையும் பழைய ஓட்டுச்சீட்டும். மூக்கில் தூசி ஏறியது. ஒளிந்த உடனே ஒன்றுக்கு வருகிற வழக்கம் மட்டும் பன்னிரண்டு வயதிலிருந்து மாறவே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தேன் என்று நினைவில்லை.

இன்று ஸ்டெல்லாவும் இருந்தாள். பிரமிளாவுக்கு எங்கள் கதை ஒன்றும் தெரியாது. "ஸ்டெல்லாக்கா, ஸ்கூல் லீவுதானே, சத்துணவுக் கணக்கெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். நான் அப்போதே விலகியிருக்கலாம், விலகவில்லை. அவளும் விலகவில்லை.

ஸ்டெல்லாதான் எண்ணினாள். கொஞ்ச நேரத்தில் சமையலறை வாசலில் அவள் செருப்புச் சத்தம். உள்ளே வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். நேராக என் கண்ணைப் பார்த்தாள்.

வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அப்புறம் எதுவும் இல்லாத இடத்தைப் பார்த்தவள் மாதிரி திரும்பிப் போய்விட்டாள்.

கடைசிவரை யாராலும் என்னைப் பிடிக்க முடியவில்லை. "கில்லாடிம்மா நீ!" என்று நூரம்மா என் கன்னத்தைக் கிள்ளினார். ஸ்டெல்லா செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

மே 14, செவ்வாய்

இன்றும் அப்படியே. நான் ஆறாம் நம்பரில் பிரமிளாவின் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே. ஸ்டெல்லா வந்தாள், பார்த்தாள், போனாள். என் பேரை அவள் சொல்ல மாட்டாள். சொல்லாதவரை நான் பிடிபட மாட்டேன்.

முழங்கையில் சிராய்ப்பு. "என்ன இது, ரவுடித்தனம்?" என்று இவர் தேங்காயெண்ணெய் தடவிவிட்டார். நாளைக்கு எங்கே ஒளியலாம் என்று அவரே இரண்டு யோசனை சொன்னார். இரண்டும் உதவாது.

மே 15, புதன்

கடையில் பில் போடும்போது ஷெல்ஃபுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம் என்று கண்டுபிடித்தேன். எங்கே போனாலும் கண் இடுக்குகளைத்தான் தேடுகிறது. திரும்பும்போது என்ன தோன்றியதோ, இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டேன். இருபது வருடமாக அந்தத் தெருவைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். உள்ளே நடந்தால் ஒரு கொய்யா வண்டி, ஒரு குட்டிப் பிள்ளையார் கோயில், வாத்து வளர்க்கிற ஒரு வீடு. திருச்சிக்கு நடுவில் வாத்து! மிளகாய்ப்பொடி தடவிய கொய்யாவைக் கடித்துக்கொண்டே அரைமணி நேரம் வழிதவறி நடந்தேன். சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்த்தேன். உனக்கு என்ன சந்தோஷம் வேண்டிக்கிடக்கிறது என்று கேட்டது போல இருந்தது. யார் கேட்டது என்று தெரியும், எழுத மாட்டேன்.

மே 16, வியாழன்

இன்று நான் எண்ணினேன். மோட்டார் ரூம் சுவர் வெயிலில் சுட்டது. கண்ணைப் பொத்திக்கொண்டு ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தேன். இருபது தாண்டியதும் என் இடுப்புயரத்தில் இன்னொரு குரல் சேர்ந்து எண்ணியது. இருபத்தொன்பதுக்குப் பிறகு முப்பதைச் சொல்லாமல் "இருபத்திப்பத்து" என்று எண்ணியது.

கண்ணைத் திறந்தேன். யாருமில்லை. அணில் ஒன்று பைப்பில் ஏறிக்கொண்டிருந்தது. அப்படி எண்ணுகிற ஒருத்தியைத்தான் எனக்குத் தெரியும். அவளுக்கு முப்பது வரவே வராது.

மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன், சத்தமாக.

மே 18, சனி

விளையாட்டு முடிந்தது. இனி நான் போகப்போவதில்லை.

நான்தான் தேடினேன். முற்றத்திலிருந்து பார்த்தால் இரண்டாம் மாடி வராண்டா தூணுக்குப் பின்னால் பச்சை நைட்டியும் பூப்போட்ட துப்பட்டாவும் தெரிந்தன. "நூரம்மா ஐஸ்பாய்!" என்றேன்.

தூணுக்குப் பின்னாலிருந்து பிரமிளா குதித்தாள். நூரம்மாவின் நைட்டி அவள் மேல் கூடாரம் மாதிரி தொங்கியது. அந்தம்மா பிரமிளாவின் சுடிதார் டாப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூச்சுவிட முடியாமல் எதிர்வீட்டிலிருந்து வந்தார். இருவரும் கையைத் தட்டிக்கொண்டு கத்தினார்கள். "பானை ஒடஞ்சிருச்சு! பானை ஒடஞ்சிருச்சு!"

அந்தச் சத்தம் எனக்கு ஆகாது. காது அடைத்துவிட்டது. நிமிர்ந்தால் முதல் மாடியில் ஸ்டெல்லா நின்றாள். அவள் முகமும் வெளுத்திருந்தது. நான் ஓடி வந்து கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன்.

மே 19, ஞாயிறு

இவர் தன் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

1990. இதே மே மாதம், இதே முற்றம். எனக்குப் பன்னிரண்டு வயது, என் தங்கை அரசிக்கு ஒன்பது. ஸ்டெல்லா என் வகுப்பு, என் தோழி. ஆறேழு பிள்ளைகள் சேர்ந்து ஐஸ்பாய் விளையாடினோம். அரசி சின்னவள் என்பதால் எப்போதும் முதலில் பிடிபடுவாள், தினமும் அவளே எண்ணுவாள், எண்ணி எண்ணி அழுவாள்.

அன்று ஸ்டெல்லா எண்ணினாள். நானும் அரசியும் சட்டையை மாற்றிக்கொண்டோம். என் மஞ்சள் சட்டை அவளுக்கு முட்டிவரைக்கும் வந்தது. அவளுடையது எனக்குப் பத்தாமல் அக்குளில் பிய்ந்தது. இதுவரைக்கும் எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். நான் ஐந்தாம் நம்பரில் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். அரசி மூன்றாம் மாடி எட்டாம் நம்பருக்குப் போய், பால்கனிச் சுவரைத் தாண்டி, கீழ்வீட்டு ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த சன்ஷேடில் இறங்கி உட்கார்ந்தாள். அங்கே போக அவளுக்கு எப்படித் தோன்றியது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஸ்டெல்லா கீழேயிருந்து பார்த்துக் கத்தியது எனக்குக் கேட்டது. "பொற்கொடி ஐஸ்பாய்!"

ஸ்டெல்லா மாட்டிக்கொண்டாள், சட்டையைப் பார்த்து ஏமாந்துவிட்டாள் என்று கட்டிலடியில் வாயைப் பொத்திக்கொண்டேன். மேலே அரசியின் குரல், "பானை ஒட..." என்று ஆரம்பித்தது. அதற்குள் ஏதோ விழுந்த சத்தம். அரிசி மூட்டையை இறக்கினால் வருமே, அவ்வளவுதான் சத்தம். அப்புறம் முற்றம் முழுக்க என் பேர். "பொற்கொடி! ஐயோ பொற்கொடி!" எதிர்வீட்டு மாமா, தண்ணி பிடிக்க வந்த பெண்கள், கடைசியில் எங்கள் அம்மா. எல்லோரும் என் பேரையே சொன்னார்கள். குப்புறக் கிடந்தவள் மேல் என் சட்டை.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஊரே சேர்ந்து ஏமாந்துவிட்டது, இவ்வளவு பெரிய பானையை யாரும் உடைத்ததில்லை என்று நினைத்தேன். இரண்டு இரண்டு படியாகக் குதித்து, கையைத் தட்டிக்கொண்டு, "பானை ஒடஞ்சிருச்சு! பானை ஒடஞ்சிருச்சு!" என்று சிரித்தபடி அந்தக் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றேன்.

அம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். உயிரோடு இருக்கிறேனே என்று ஒரு நொடி அவள் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியில் மடியில் கிடப்பது யார் என்று அவளுக்குப் புரிந்தது. அந்த இரண்டு முகத்தையும் நான் பார்த்தேன். சாகும்வரை அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஸ்டெல்லா கத்தியதால்தான் பிள்ளை பயந்து விழுந்தது என்று பேச்சு கிளம்பியது. அவள் அப்பா பெல்ட்டைக் கழற்றி முற்றத்திலேயே அடித்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்றிலிருந்து அவளும் நானும் பேசவில்லை. கல்யாணமாகிப் போனாள். பன்னிரண்டு வருடம் முன்னால் கணவனைப் பறிகொடுத்துவிட்டு அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தாள். அப்போதும் பேசவில்லை.

என் மகன் ஆதவனை நான் ஒரு நாளும் ஒளிந்து விளையாட விட்டதில்லை. எங்கள் பக்கத்து மூன்றாம் மாடிக்கு அதற்குப் பிறகு நான் போனதில்லை. முட்டிவலி எல்லாம் கிடையாது.

மே 20, திங்கள்

காய்ச்சல். கடைக்கு லீவு. மாத்திரை விற்கிறவளுக்கு மாத்திரை விழுங்க நேரமில்லை என்று இவர் கஞ்சி வைத்துக் கொடுத்தார்.

மே 23, வியாழன்

நூரம்மா வந்தார். கையில் ஒரு தூக்குவாளி, நோன்புக்கஞ்சி மாதிரியே வைத்திருந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிட்டார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

"அந்தத் துணி மாத்தினதுலதான் ஏதோ ஆயிருச்சு ஒனக்கு. என்னன்னு நான் கேக்கல. ஆனா ஒண்ணு சொல்றேன். நீ வராம போனதுலேர்ந்து ஸ்டெல்லாவும் வரல. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கதவைச் சாத்திக்கிட்டா, வெளையாடுறது நானும் பிரமிளாவும் மட்டுமா? ரெண்டு பேரு வெளையாடினா அது ஐஸ்பாயாம்மா?"

சிரிக்கத்தான் செய்தேன்.

"நான் இருபத்தெட்டு சாயந்தரம் கெளம்புறேன். அன்னிக்கு மதியம் கடைசி ஆட்டம். வந்துரு" என்றார். கதவு வரை போய்த் திரும்பினார். "அவகிட்டயும் இதையேதான் சொல்லிட்டு வந்தேன்."

மே 25, சனி

பத்தொன்பதாம் தேதி எழுதியதில் ஒரு வரி பொய். என் டைரியிலேயே பொய் எழுதியிருக்கிறேன், அவ்வளவு பழகிவிட்டது.

அங்கே போக அவளுக்கு எப்படித் தோன்றியது என்று யாருக்கும் தெரியவில்லை என்று எழுதினேன். எனக்குத் தெரியும். நான்தான் சொன்னேன். "சன்ஷேடுல போய் உக்காரு, அங்க யாரும் தேட மாட்டாங்க, இன்னிக்கு நீதான் ஜெயிப்ப." அவள் பயந்தாள். "போடி பயந்தாங்கொள்ளி" என்றேன். பால்கனிச் சுவரில் ஏற நானே கை கொடுத்தேன், அப்புறம்தான் ஐந்தாம் நம்பருக்கு ஓடினேன்.

ஸ்டெல்லா அடி வாங்கும்போது நான் மூன்றடி தள்ளி நின்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெல்ட் நின்றிருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை.

இதைத்தான் அவளிடம் சொல்ல வேண்டும். இன்று சாயங்காலம் அவள் வாசலில் போய் நின்றேன். உள்ளே டேப் ஒட்டுகிற சத்தம் கேட்டது. பெல்லில் விரலை வைத்தேன். அழுத்தவில்லை. நான்கு நாள் இருக்கிறது.

மே 27, திங்கள்

பாத்திர மூட்டை ஆறு. இரண்டு பீரோவும் போய்விட்டன. எதிர்க்கதவு நாள் முழுக்கத் திறக்கவில்லை.

மே 28, செவ்வாய்

மூன்று மணிக்குக் கரண்ட் போனது. இறங்கிப் போனேன். நூரம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு, புறப்படுகிற கோலத்தில், மோட்டார் ரூம் பக்கத்தில் நின்றிருந்தார். பிரமிளா நின்றிருந்தாள். ஸ்டெல்லாவும் நின்றிருந்தாள். நான் யாரும் சொல்வதற்கு முன்னாலேயே சுவரில் முகத்தைப் பொத்திக்கொண்டேன்.

ஐம்பது எண்ணினேன். இன்று என்னோடு சேர்ந்து யாரும் எண்ணவில்லை.

நூரம்மா மாடிப்படிக்கு அடியிலேயே மாட்டிக்கொண்டார், சேலை கசங்கக் கூடாதாம். பிரமிளாவைப் பத்து நிமிடத்தில் பிடித்தேன். ஸ்டெல்லாவைக் காணவில்லை. கீழ்த்தளம் பார்த்தேன், முதல் மாடி, இரண்டாம் மாடி, பின்பக்கத்து எட்டு வீடு, மொட்டைமாடி, எல்லாம் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்கூடப் பார்த்தேன். பாக்கி இருந்தது எங்கள் பக்கத்து மூன்றாம் மாடி மட்டும்.

அவள் வேண்டுமென்றே அங்கே போயிருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. போகாமல் விட்டுவிடலாம். நாளைக்குக் காலையில் லாரி வந்துவிடும், அப்புறம் எல்லாம் தானாக முடிந்துவிடும். இரண்டாம் மாடிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கீழே அவர்கள் தேங்காய் பிஸ்கட் சாப்பிடுகிற சத்தம்கூடக் கேட்டது. ஏறினேன். பதினெட்டுப் படி.

எட்டாம் நம்பர் கதவு இல்லாமல் திறந்து கிடந்தது. உள்ளே சுவரெல்லாம் ஆணி பிடுங்கிய ஓட்டை. பால்கனியில், சுவருக்கு முதுகைக் கொடுத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தாள். ஒளிந்த மாதிரியே இல்லை.

"வந்துட்டியா" என்றாள்.

முப்பத்து நாலு வருடத்துக்கு அப்புறம் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. குரல் கரகரத்திருந்தது. பேசிப் பழகிய குரல்தான், எனக்குத்தான் புதுசு.

உட்கார்ந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று அவசரம். நின்றால் சொல்ல முடியாது.

"ஸ்டெல்லா, அவளை அங்க போகச் சொன்னது நான்தான். கை கொடுத்து ஏத்தி விட்டதும் நான்தான். நீ அடி வாங்கும்போது வாயைத் தொறக்கல. என்னால தொறக்க முடியல. நீ ஒண்ணுமே பண்ணல. எல்லாம் நான்தான்."

அவள் தரையில் உதிர்ந்து கிடந்த காரைத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாக வைத்தாள்.

"நான் சட்டையைப் பாத்து ஏமாந்தேன்னுதானே நெனச்சுக்கிட்டு இருக்க?"

"ஆமா."

"மூஞ்சி தெரிஞ்சுதுடி" என்றாள். "நல்லாத் தெரிஞ்சுது. எட்டி என்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. அரசின்னு தெரியும். அன்னிக்கு முன்னாடி மூணு நாளா அவதான் எண்ணினா. அழுதுக்கிட்டே எண்ணினா, ஒனக்கு ஞாபகம் இல்லையா? சரி, ஒரு தடவையாவது ஜெயிக்கட்டும்னு வேணும்னேதான் ஒன் பேரைச் சொன்னேன். எந்திரிச்சா. ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு எந்திரிச்சா. அவ்ளோ சிரிப்பு மூஞ்சியில. பயந்தெல்லாம் விழல பொற்கொடி. குதிச்சா."

என் பேரைச் சொல்லிவிட்டாள் என்பதுகூட அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

"அப்பா அடிக்கும்போது வலிக்கல" என்றாள். "நீ பாத்துக்கிட்டு நின்னதைப் பாத்து, ஒனக்குத் தெரிஞ்சுபோச்சு, நான் வேணும்னே பண்ணினது தெரிஞ்சுதான் நீ பேசாம நிக்கிறன்னு நெனச்சேன். அதுக்கப்பறம் ஒன் பேரு என் வாயில வரல. வரவே மாட்டேங்குது. அந்தப் பரண்ல நீ படுத்திருந்தப்போ சொல்லிரலாம்னு எவ்ளோ பாத்தேன்."

இருவரும் அழுதோம். எழுதுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஒருத்தி மூக்கைச் சிந்த இன்னொருத்தி முந்தானை கொடுத்தாள். என்னை மன்னித்துவிடு என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அரசி ஜெயித்துவிட்டுத்தான் போனாள் என்பது மட்டும் எனக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. அது ஆறுதலா இல்லையா என்று இப்போதும் தெரியவில்லை. ஆனால் அவள் முகம் எனக்கு முப்பத்து நாலு வருடமாகக் குப்புறவே கிடந்தது. இன்று திரும்பிவிட்டது.

கீழேயிருந்து பிரமிளா கத்தினாள். "அக்கா! ஸ்டெல்லாக்கா கெடச்சாங்களா?"

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். பிடிபடுவதற்குத் தயாராக என்னைப் பார்த்தாள். நான் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தேன். பால்கனிச் சுவரிடம் போனேன். எட்டிப் பார்த்தேன். முற்றம் அவ்வளவு ஒன்றும் ஆழமில்லை.

"கெடைக்கல! இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன்!" என்று கத்திவிட்டு, சட்டென்று குனிந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

ஸ்டெல்லா என்னை முறைத்தாள். "கள்ளாட்டம் ஆடுற."

"மெதுவாப் பேசு, கேட்டுரப் போகுது."

"தேடுறவ ஒளிஞ்சுக்கலாமாடி? எந்த ஊரு சட்டம்?"

"நகரு. கால் தெரியுது பாரு."

காலை இழுத்துக்கொண்டாள். குளியலறைக் கதவு இருந்த இடத்தில் ஒரு மூலை இருந்தது, இரண்டு பேருக்குப் பத்தாது. இரண்டு பேரும் புகுந்தோம். அவள் தோள் என் தோளில் இடித்தது. வியர்வையும் பவுடரும் கலந்த அவள் வாசனை மாறவே இல்லை. எனக்கு ஒன்றுக்கு வந்தது. சொன்னேன். அவளுக்கும் என்றாள்.

கீழே கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் நூரம்மாவின் குரல். "என்னம்மா இது, தேடப் போனவளையும் காணோம்?"

படியில் காலடி கேட்டது. பிரமிளா ஏறிக்கொண்டிருந்தாள். நூரம்மா முற்றத்திலிருந்து அண்ணாந்து கூப்பிட்டார். "பொற்கொடி! ஏ பொற்கொடி!" பிரமிளாவும் சேர்ந்துகொண்டாள். பிறகு வெளியே போய்விட்டு வந்த இவருடைய குரலும் சேர்ந்தது. முற்றம் முழுக்க என் பேராக இருந்தது.

ஸ்டெல்லா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் வெளியே போகவில்லை.